ஆர்க்கிட் அரசர் சாண்டர்

1880-ஆம் ஆண்டு வாக்கில் லண்டன் பணக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. அது பூப் பைத்தியம்!

ரோஜா அல்ல, மல்லிகை அல்ல. ஆர்க்கிட்! வெப்ப நாட்டுக் காடுகளில், உயரமான மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் தொற்றுச் செடி அது. மரத்தைப் பிடித்திருக்குமே தவிர, மரத்தின் சாற்றை உறிஞ்சாது. மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் கொண்டே பிழைக்கும். பூத்தால் வாரக்கணக்கில் வாடாது. புதுவகைச் செடி ஒன்று ஏலத்துக்கு வந்தால் சீமான்கள் நூற்றுக்கணக்கான பவுன் கொட்டிக் கொடுத்தார்கள்.

அந்த ஆசைக்குத் தீனி போட்டவர்களில் முதல்வர் பிரடெரிக் சாண்டர். ஊரார் அவருக்கு வைத்த பெயர் "ஆர்க்கிட் அரசர்".

இரும்புக் கொக்கி

சாண்டர் ஜெர்மனியில் பிரேமன் நகரில் 1847-ல் பிறந்தார். பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்கு வந்து, லண்டன் அருகே ஒரு விதைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கேதான் ரோசல் என்ற செக் நாட்டுக்காரரைச் சந்தித்தார். காடு காடாக அலைந்து செடி தேடுவது ரோசலின் தொழில். அவருக்கு ஒரு கை எந்திரத்தில் போய்விட்டது. அந்த இடத்தில் இரும்புக் கொக்கி மாட்டியிருப்பார். அந்தக் கொக்கியோடு மெக்சிகோவையும் தென் அமெரிக்காவையும் சுற்றி வந்தவர் அவர்!

ரோசல் செடி அனுப்புவது, சாண்டர் விற்பது என்று ஏற்பாடாயிற்று. லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் 1876-ல் சாண்டர் விதைக் கடை வைத்தார். வந்து குவிந்த ஆர்க்கிட்டுகள் விதை வியாபாரத்தை ஓரம் கட்டிவிட்டன. சில ஆண்டுகளில் அங்கே சுமார் 60 கண்ணாடி வீடுகள் எழுந்தன. 1886-ல் விக்டோரியா மகாராணிக்கு ஆர்க்கிட் வளர்ப்பவர் என்ற பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு மகாராணியின் பொன்விழாவுக்கு 7 அடி உயரத்தில் ஓர் ஆர்க்கிட் பூச்செண்டு கட்டி அனுப்பினார்.

மரத்தை வெட்டு, செடியை எடு

இத்தனை செடியும் எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்துதான்.

சாண்டரிடம் ஒரு சமயம் 23 பேர் செடி சேகரிக்கும் வேலையில் இருந்தார்கள். பிலிப்பைன்ஸ், போர்னியோ, பர்மா, கொலம்பியா என்று அந்தப் படை பரவியிருந்தது. காய்ச்சல், வெள்ளம், கொள்ளையர் எல்லாம் அவர்களுக்குச் சகஜம். இந்தத் தொழிலில் இறங்கிப் பலர் ஊர் திரும்பவே இல்லை.

மிகோலிட்ஸ் என்பவர் சாண்டரிடம் பல ஆண்டு உழைத்தவர். ஒருமுறை அவர் சேகரித்த செடிகள் எல்லாம் கப்பலோடு எரிந்து போயின. என்ன செய்வது என்று முதலாளிக்குத் தந்தி அடித்தார். திரும்பிப் போய் மறுபடியும் சேகரி என்று பதில் தந்தி வந்தது. மழைக்காலம் வந்துவிட்டது என்று அவர் சொல்லியும் பயனில்லை.

அவர் அனுப்பிய ஒரு செடி, மனித மண்டையோட்டில் வேர் விட்டிருந்தது. நியூகினிக்கு அருகே ஒரு தீவில், இறந்தவர்களின் எலும்புகள் கிடந்த இடத்தில் வளர்ந்த செடி அது. 1891-ல் லண்டனில் அதை மண்டையோட்டோடு சேர்த்தே ஏலம் விட்டார்கள். அதையும் வாங்க ஆள் இருந்தது! வீட்டில் வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ!

மரத்தின் உச்சியில் இருக்கும் செடியை எப்படிப் பறிப்பது? ஏறிப் பறிக்க நேரம் ஆகும். மரத்தை வெட்டிச் சாய்த்தால் எளிது. ஆல்பர்ட் மில்லிகன் என்ற ஆங்கிலேயர் கொலம்பியாவில் இப்படித்தான் செய்தார். அவர் சாண்டரின் ஆள் அல்ல; ஆனால் தொழில் ஒன்றுதான். இரண்டே மாதத்தில் 10,000 செடி. அதற்காக விழுந்த மரம் 4,000. கணக்குப் போட்டால் ஒரு மரத்துக்கு இரண்டரைச் செடி!

கப்பலில் பெட்டி பெட்டியாகச் செடிகள் அழுகின. போட்டிக்காரனுக்குக் கிடைக்கக் கூடாது என்று, எடுத்தது போக மிச்சத்தை அழித்தவர்களும் உண்டு. கிடைத்த இடத்தை வெளியே சொல்லமாட்டார்கள். கண்ணாடி வீட்டில் பூவைப் பார்த்து மயங்கிய சீமானும் அதைக் கேட்கவில்லை.

சாண்டரைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. செடிகளை நேசித்தார். பெரும் பணம் செலவழித்து, "ரைகன்பாக்கியா" என்ற ஆர்க்கிட் ஓவிய நூலை வெளியிட்டார். அன்று ஆர்க்கிட்டை விதையிலிருந்து வளர்ப்பது மிகக் கடினம். தூசு போன்ற அந்த விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது. ஒருவகைப் பூஞ்சை துணை செய்தால்தான் முளைக்கும். 1922-ல் நட்சன் என்ற அமெரிக்கர், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1920 டிசம்பரில், சாண்டர் பெல்ஜியத்தில் இறந்துவிட்டார். அவருடைய வியாபாரத்தை அதற்குள் முதல் உலகப் போர் நொடிக்கச் செய்திருந்தது.

நம் மலையிலும்...

காட்டைச் சுரண்டும் வேலை அவரோடு முடியவில்லை. நம் பொதிகை மலைப் பக்கத்திலும் அது நடந்தது. அகத்தியர் மலைப் பகுதியில் மஞ்சள் நிறத்தில், செருப்பு வடிவில் பூக்கும் ஓர் ஆர்க்கிட் உண்டு. 1865-ல் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி கண்டது. பிறகு அது அழிந்தே போயிற்று என்று எண்ணினார்கள். 1972-ல் மறுபடி கண்ணில் பட்டது. செய்தி பரவியதும் வியாபாரிகள் வந்து வாரிக்கொண்டு போனார்கள்!

1975-ல் நடைமுறைக்கு வந்த உலக ஒப்பந்தம் இத்தகைய வியாபாரத்துக்குக் கடிவாளம் போட்டது. காட்டில் பிடுங்கிய செருப்பு ஆர்க்கிட்டை நாடு விட்டு நாடு விற்பது இப்போது குற்றம். ஆனாலும் காட்டுச் செடியை நர்சரிச் செடி என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

வாங்குகிறவர் செடியை உற்றுப் பார்த்தால் பல சமயம் தெரிந்துவிடும். இலை கிழிந்து, பூச்சி அரித்து, பாசி படிந்திருக்கும். வேர் முறிந்து, அதில் பழைய மரப்பட்டை ஒட்டியிருக்கும். தொட்டியில் வளர்ந்த செடிக்கு இலை சீராக இருக்கும்; வேர் தொட்டியின் வடிவில் சுற்றியிருக்கும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் அனுமதிச் சீட்டையும், எங்கே வளர்த்தது என்பதையும் கேட்கலாம். விலை அதிசயமாகக் குறைந்திருந்தாலும் சந்தேகப்பட இடமுண்டு. விதையிலிருந்து வளர்ந்து பூக்கப் பல ஆண்டு ஆகும் செடியை யார் மலிவாகத் தருவார்கள்?

சாண்டர் தாமே இன்னொரு துணையையும் விட்டுப் போயிருக்கிறார். தோட்டத்தில் இரண்டு வகைகளைச் சேர்த்து உண்டாக்கிய ஆர்க்கிட்டுகளுக்கு, தாய் எது, தந்தை எது என்று 1906-ல் ஒரு பட்டியல் போட்டார். 1961 முதல் அந்தப் பதிவை லண்டனில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம் நடத்தி வருகிறது. அதில் பெயர் உள்ள செடி தோட்டத்தில் பிறந்த இனம்.