நபக்கோவும் ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சியும்

சென்ற கோடையில் எங்கள் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் ஒரு பழைய வேட்டியைத் திரைபோலக் கட்டி, விளக்கு வெளிச்சம் அதன்மேல் விழும்படி செய்து, வந்து உட்காரும் சிறு அந்துப்பூச்சிகளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து அடையாளம் காண முயன்றுகொண்டிருந்தேன். மகளின் பள்ளி வேலையாக ஆரம்பித்த விஷயம் இது. அவள் இரண்டே வாரத்தில் விட்டுவிட்டாள், நான் விடவில்லை.

பெரிய பூச்சிகளுக்குக் கையேட்டின் படங்களைப் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம். ஆனால் நகத்தளவே இருந்துகொண்டு, சாம்பல் நிறச் சிறகுகளைத் தட்டையாக விரித்து ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை என்னை மிகவும் சோதித்தது. யூபிதீசியா என்ற பேரினம் என்பதுவரை வந்துவிட்டேன். அதற்குமேல், இதன் இனங்கள் பலவற்றை வெளித்தோற்றத்தால் பிரிக்க முடியாது, வயிற்றின் நுனியை அறுத்து இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும் என்று கையேடு கைவிரித்துவிட்டது. வட அமெரிக்க இனங்களின் பட்டியலைத் தேடிப் படித்தபோது அதில் யூபிதீசியா நபக்கோவி என்று ஒரு பெயர் இருந்தது. 'லோலிட்டா' எழுதிய நபக்கோவா என்று சந்தேகப்பட்டுத் தேடினால், அவரேதான்.

விளாதிமிர் நபக்கோவ் 1899இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பெரும் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கோடைகாலங்கள் ஒரிடேஷ் ஆற்றங்கரையில் இருந்த வைரா பண்ணை வீட்டில் கழிந்தன. ஏழு வயதில் அங்கே பிடித்த பித்து பட்டாம்பூச்சி. மிதவாத அரசியல்வாதியான தந்தை 1908இல் சில மாதங்கள் சிறையில் இருந்தபோது, மகன் அவருக்குக் கொடுத்தனுப்பிய பரிசும் ஒரு பட்டாம்பூச்சிதான்.

சிறுவனாக இருக்கையில் வைராவுக்கு அருகே ஓர் அந்துப்பூச்சியைப் பிடித்து, அறிவியலுக்கே புதியது என்று நம்பி, விவரங்களை எழுதி லண்டனிலிருந்த ஒரு பூச்சியியல் இதழாசிரியருக்கு அனுப்பினார். அவர் அருங்காட்சியகத்தில் தேடிப்பார்த்து, கிரெட்ச்மர் என்பவர் முன்பே அதை விவரித்துவிட்டார் என்று பதில் எழுதினார். பையன் அழவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. 1930களில் 'காமரா ஆப்ஸ்குரா' என்ற நாவலை ரஷ்ய மொழியில் எழுதியபோது, கண்பார்வை இழந்து ஏமாற்றப்படும் நாயகனுக்கு கிரெட்ச்மர் என்று பெயர் வைத்தார். இலக்கிய உலகில் இத்தனை காலம் காத்திருந்து தீர்த்த பழி வேறு உண்டா என்று தெரியவில்லை!

இடையில் வாழ்க்கை தலைகீழாகிவிட்டது. 1917 புரட்சிக்குப் பின் குடும்பம் கிரிமியாவுக்குப் போனது. 1919இல் செவஸ்தபோலிலிருந்து கப்பலேறினார்கள். நபக்கோவ் அதன்பிறகு தாய்நாட்டை மிதிக்கவே இல்லை. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது 1920இல் வெளியான அவருடைய முதல் அறிவியல் கட்டுரை, கிரிமியாவின் பட்டாம்பூச்சிகளைப் பற்றியது. 1922இல் பெர்லினில் ஒரு பொதுக்கூட்டத்தில் வேறொருவருக்கு வைத்த குறியில் தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். 1925இல் யூதப் பெண்ணான வேராவை மணந்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1937இல் பிரான்சுக்கும், அங்கிருந்து 1940 மே மாதம் மனைவியோடும் ஆறு வயது மகனோடும் நியூயார்க்குக்கும் வந்து சேர்ந்தார். ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட தம்பி செர்கேய் 1945இல் நாஜி முகாமில் இறந்தார்.

ரஷ்ய மொழியில் பெயர்பெற்ற நாவலாசிரியரை அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது. வெல்லெஸ்லி கல்லூரியில் வகுப்பு எடுத்தார். ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் பட்டாம்பூச்சிச் சேகரிப்பு ஒழுங்கின்றிக் கிடப்பதைப் பார்த்து, தானே முன்வந்து அடுக்கத் தொடங்கினார். பிறகு சொற்ப சம்பளத்தில் அங்கேயே வேலை கிடைத்தது. 1948 வரை அங்கே நீலச்சிறகுப் பட்டாம்பூச்சிகளை ஆராய்ந்தார். உள்ளுறுப்புகளை அறுத்தெடுத்து வரைவதும், சிறகுச் செதில்களை வரிசை வரிசையாக எண்ணுவதும்தான் வேலை. இதில் அவர் கண்பார்வையே கெட்டது. வெளியே ஒன்றுபோல் தோன்றுபவை உள்ளே வேறாக இருப்பதையும், வேறுவேறாகத் தோன்றுபவை நெருங்கிய உறவாக இருப்பதையும் அவர் கண்டது அங்கேதான்.

1943 கோடையில் யூட்டா மாநிலத்தின் ஆல்ட்டா மலையில், பதிப்பாளர் ஜேம்ஸ் லாக்லினின் விடுதியில் தங்கியிருந்தார். இரவில் விளக்கொளிக்கு வந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய சிறு அந்துப்பூச்சிகளைப் பிடித்து மக்டனா என்ற நிபுணருக்கு அனுப்பினார். அதில் ஒன்று உண்மையிலேயே புதிய இனம். மக்டனா அதற்கு நபக்கோவி என்று பெயரிட்டார். வைராவில் தவறிப்போனது முப்பது ஆண்டுகள் கழித்து வேறொரு கண்டத்தில் கிடைத்தது. தன் சுயசரிதையில் இரண்டு சம்பவங்களையும் ஒரே சுருளின் வளைவுகளாக அவர் இணைத்துக் காட்டுகிறார்.

1945இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், தென் அமெரிக்க நீலச்சிறகுகளின் முன்னோர்கள் ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணை வழியாக ஐந்து அலைகளாக வந்திருக்கவேண்டும் என்று ஊகித்திருந்தார். நாவலாசிரியரின் கற்பனை என்று பலர் பொருட்படுத்தவில்லை. 2011இல் அதே அருங்காட்சியகத்தின் நயோமி பியர்ஸ் குழுவினர் மரபணு ஆய்வு செய்து, ஐந்து அலைகளும் சரியென்று நிறுவினார்கள். நபக்கோவ் 1977இல் சுவிட்சர்லாந்தில் இறந்துவிட்டிருந்தார்.

இந்த ஆண்டுகளைப் பற்றி எனக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்த அதே காலத்தில்தான் அவர் ரஷ்ய மொழியில் நாவல் எழுதுவதைக் கைவிட்டார். அதைத் தன் சொந்தத் துயரம் என்றே பின்னாளில் குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் உலகப் புகழ் வந்தபிறகும், 'லோலிட்டா'வைத் தானே ரஷ்ய மொழியில் பெயர்த்து 1967இல் வெளியிட்டார். அப்போது சோவியத் நாட்டில் அவர் புத்தகங்களுக்கு இடமில்லை. யார் படிப்பார்கள் என்று தெரியாமலேயே செய்த வேலை அது. முதுகலை முடித்து வேலையில் சேர்ந்தபின் எட்டு ஆண்டுகள் ஒரு தமிழ்ப் புத்தகம்கூடப் படிக்காமல் இருந்த எனக்கு, என்னை யாரும் விரட்டவில்லை, நானாகத்தான் விட்டேன் என்பது இதைப் படித்தபோது உறைத்தது.

என் குப்பியில் இருந்தது நபக்கோவி அல்ல. அது மேற்கு மலைப்பகுதிப் பூச்சி. நான் இருப்பது கிழக்கே. அறுத்துப் பார்க்க மனம் வரவில்லை, திறந்து விட்டுவிட்டேன். என்ன பெயர் என்று மகள் கேட்டாள். பெயர் தெரியாது, ஆனால் அதன் உறவுக்காரன் ஒருவனைப் பிடித்தவரின் கதை தெரியும் என்று சொல்லி உட்காரவைத்தேன். கதையைத் தமிழில்தான் சொன்னேன். நடுவே நாலைந்து முறை நிறுத்தி அர்த்தம் கேட்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.