செஞ்சியில் வேர் பிடிக்காத பூ

செஞ்சிக்கோட்டையில் ஏறியிருப்பீர்கள். புதுச்சேரி புஸ்ஸி வீதியிலும் நடந்திருப்பீர்கள். அந்த வீதிக்குப் பெயர் தந்த புஸ்ஸிதான் 1750-ல் இந்தக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி. வேளாண் பக்கத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அவர் ஊழியம் செய்த மன்னரின் சின்னத்தில் ஒரு பூ இருந்தது. சேற்றில் வளரும் பூ. அதன் கிழங்கை வாங்கித் தோட்டத்தில் நட நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்ஸின் கீழ் படை அதிகாரியாக இருந்தவர் புஸ்ஸி. 1750 செப்டம்பர் 11 இரவு, சில நூறு வீரர்களோடு செஞ்சியைத் தாக்கினார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் விடிவதற்குள் கைக்கு வந்தன. முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டை அது. ஒரே இரவில் புஸ்ஸியின் பெயர் தென்னாடு முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டே தக்காணத்துக்குப் போய், நிஜாம் அரசில் ஏழு ஆண்டு செல்வாக்கோடு இருந்தார்.

அவர் பிடித்துக் கொடுத்த செஞ்சி, பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒத்துவரவில்லை. காவலுக்கு ஒரு சமயத்தில் 100 ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைத்ததில்லை. ஆனாலும் பத்தாண்டில் 1,200 பேர் நோயில் மாண்டார்கள் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. மலையடிவாரம், குளம், சுனை, அகழி. கொசுக்காய்ச்சலுக்கு இதில் பெரும்பங்கு இருந்திருக்கும். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-ல்தான்.

1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் புஸ்ஸி ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1761-ல் செஞ்சியும் கைமாறியது. பிரான்ஸ் திரும்பிய அவர், முதுமையில் 1783-ல் மறுபடி படையோடு கடலூருக்கு வந்தார். 1785 ஜனவரியில் புதுச்சேரியில் இறந்தார்.

இனி அந்தப் பூ. பிரெஞ்சு மன்னர் சின்னத்தை லில்லி என்பார்கள். ஆனால் அது ஆற்றோரத்தில் வளரும் மஞ்சள் ஐரிஸ் என்பது பலர் கருத்து. 1753-ல் லின்னேயஸ் அதற்கு வைத்த அறிவியல் பெயரின் பொருள் என்ன தெரியுமா? போலி வசம்பு! வாள் போன்ற இலையில் இரண்டும் அப்படியே ஒத்திருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் வசம்பு மணக்கும், ஐரிஸ் மணக்காது.

ஐரிஸ் பூக்கக் குளிர்காலக் குளிர் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் முயலலாம். நல்ல வெயில், எப்போதும் ஈரம், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நடுதல், இவ்வளவுதான் பராமரிப்பு. செஞ்சி வெயிலில் இலைதான் மிஞ்சும். கிழங்கு நச்சு, ஆடு மாடு கடிக்காமல் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இது ஓடைக்கரைகளை அடைத்துக்கொண்டு பெரிய களையாகிவிட்டது. ஓடை, வாய்க்கால் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் நிலத்தில் கசிவுநீர் நிற்கும் மூலை இருந்தால் அசல் வசம்பையே நடுங்கள். நெல்லுக்குப் போல சேறாக்கி, முளையுள்ள கிழங்குத் துண்டுகளை ஓர் அடி இடைவெளியில் நட வேண்டும். இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால் போதும். சுமார் ஓராண்டில் இலை மஞ்சளாகிக் காயத் தொடங்கும்போது தோண்டி, சல்லி வேர் நீக்கிக் கழுவி, விரல் நீளத் துண்டுகளாக்கி உலர்த்தலாம். கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்து கொரட்டகெரே பகுதியில் இதை நெல் போலவே வயலில் பயிரிடுகிறார்கள். நாட்டு மருந்துக்கடையிலோ மூலிகை வியாபாரியிடமோ விலை பேசிவிட்டு, முதலில் ஒரு சென்ட்டில் நட்டுப் பாருங்கள்.

பிள்ளை வளர்ப்பான் என்று இதற்குப் பெயர் உண்டுதான். அதற்காகக் குழந்தைக்கு உரைத்து ஊட்டிவிடாதீர்கள். இதிலுள்ள அசரோன் என்ற பொருள் தீங்கு செய்யக்கூடியது, மருத்துவரைக் கேளுங்கள். வீட்டுத் தொட்டியில் நட்டால், தேங்கிய நீரில் நாலு கப்பி மீனை விடுங்கள். கொசுப்புழுவை அவை தின்றுவிடும்.