வாட்போர் ஆசான் சாந்தெல்லி

வாட்போர்க் கலைக்குப் பெயர்பெற்ற இத்தாலி நாட்டில் 1866ஆம் ஆண்டு இத்தாலோ சாந்தெல்லி பிறந்தார். இளமையிலேயே வாட்பயிற்சியில் ஈடுபட்டுத் தேர்ந்த ஆசானாக உயர்ந்தார்.

மகியார் மக்கள் அங்கேரியில் குடியேறி ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்றதை 1896இல் அந்நாடு பெருவிழாவாகக் கொண்டாடியது. விழாவையொட்டிப் புடாபெஸ்டு நகரில் நிகழ்ந்த வாட்போட்டிக்குச் சென்ற சாந்தெல்லி, அங்கேயே தங்கி ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1900இல் பாரிசு ஒலிம்பிக்கில் ஆசான்களுக்கென நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்.

அவர் பயிற்றியது சேபர் என்னும் வாட்போர். அதில் வெட்டவும் குத்தவும் செய்யலாம். இடுப்புக்கு மேற்பட்ட உடலே இலக்கு. குதிரைப்படை மரபில் வந்த பழைய முறை கைவலிமையையே பெரிதும் நம்பியது. சாந்தெல்லியோ மணிக்கட்டாலும் விரல்களாலும் வாளை நுட்பமாக இயக்கவும், விரைந்து முன்னேறிப் பின்வாங்கவும் கற்பித்தார். இத்தாலிய நுட்பமும் அங்கேரியரின் விரைவும் இணைந்து புதியதொரு முறை தோன்றியது. பொர்சோதி என்னும் அங்கேரிய ஆசானும் அம்முறையை வளர்த்தார்.

1924ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்கில் அவருக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. இத்தாலிய வீரர் ஒருவர் அங்கேரிய நடுவரைப் பழித்துப் பேசினார் என்று பூசல் எழுந்தது. வீரர் அதனை மறுத்தார். அருகில் இருந்த சாந்தெல்லியைச் சான்று கேட்டனர். பிறந்த நாட்டின் பகைக்கு அஞ்சாது, தாம் கேட்டதை அவர் உள்ளவாறே உரைத்தார். இத்தாலியர் சினந்து அப்போட்டியிலிருந்து விலகினர்.

இத்தாலிய இதழாளர் ஒருவர் சாந்தெல்லியை இகழ்ந்து எழுதினார். அக்கால வழக்கப்படி அவரைச் சாந்தெல்லி வாட்போருக்கு அழைத்தார். தந்தை அறுபதை நெருங்கியமையால், மைந்தர் ஜியார்ஜியோ அவருக்காகக் களம்புகுந்து வென்றார். பின்னர் அம்மைந்தர் அமெரிக்கா சென்று, அந்நாட்டு ஒலிம்பிக் வாள்வீரர்களுக்கு ஆசானானார்.

சாந்தெல்லி 1945இல் மறைந்தார். 1908 முதல் 1964 வரை அங்கேரி கலந்துகொண்ட ஒலிம்பிக் விழாக்கள் அனைத்திலும் சேபர் தனிநபர் தங்கப்பதக்கம் அந்நாட்டவர்க்கே கிடைத்தது. அவ்வெற்றிக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் அவரே.

பிறநாட்டு மாணாக்கர்க்கும் தம் கலையை ஒளியாது வழங்கினார். பிறந்த நாட்டாரே வெகுண்டபோதும் வாய்மையில் வழுவாது நின்றார். கலையில் தேர்ந்தவர் பலர். நடுவுநிலையிலும் தேர்ந்தவர் சிலர். சாந்தெல்லி அச்சிலருள் ஒருவர்.