சார்லஸ் ஹக்கின்ஸ்

சார்லஸ் பிரென்டன் ஹக்கின்ஸ் (செப்டம்பர் 22, 1901 - ஜனவரி 12, 1997) கனடாவில் பிறந்த அமெரிக்க அறுவை மருத்துவரும் ஆய்வாளரும் ஆவார். புராஸ்டேட் எனப்படும் சுக்கிலச் சுரப்பி ஆண் ஹார்மோனைச் சார்ந்தே வளர்கிறது என்பதை நிறுவியவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கை

நோவா ஸ்கோசியாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்தார். 1924 இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்று, 1927 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

ஆய்வுகள்

முதுமையில் பெருத்த சுக்கிலச் சுரப்பி சிறுநீர் வழியை நெருக்குகின்றது. மனிதரைப் போலவே நாய்களுக்கும் இச்சுரப்பி பெருப்பதுண்டு. எனவே இவர் நாய்களில் ஆய்வு செய்தார். விரை நீக்கத்தாலும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைச் செலுத்துவதாலும் பெருத்த சுரப்பி சுருங்குவதை 1940 இல் காட்டினார். இம்முறை பரவிய சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோயையும் கட்டுப்படுத்துவதை 1941 இல் அறிவித்தார். இதற்காக 1966 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெய்ட்டன் ரௌஸ் என்பவருடன் பகிர்ந்துகொண்டார்.

தாக்கம்

புற்றில்லா வீக்கத்திற்கு விரை நீக்கம் ஏற்ற மருத்துவமன்று. அதன் பக்கவிளைவுகள் கடுமையானவை. டெஸ்டோஸ்டிரோனை அகற்றாமல், அது மேலும் வீரியமிக்க டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுவதை மட்டும் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை 1992 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது சுரப்பியைச் சுருக்கப் பல மாதங்கள் ஆகும். இம்மருந்தை ஹக்கின்ஸ் உருவாக்கவில்லை. எனினும் இதன் அடிப்படை இவர் கண்டறிந்த உண்மையே ஆகும்.