அப்பாச்சியா, பல்சரா? சண்டைக்கு முன்னாடி டி.வி.எஸ்ங்கிறது யாருன்னு தெரிஞ்சுக்கலாம் வாங்க!

எம்.கே.பி. நகர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டீக்கடைப் பக்கம் போனா, இந்தப் பஞ்சாயத்து கண்டிப்பா ஓடிட்டிருக்கும். அப்பாச்சி ஆர்.டி.ஆர் 200 எடுக்கலாம்னு ஒருத்தர் முடிவோட வந்திருப்பார். பல்சர் என்.எஸ் 200 வெச்சிருக்கிறவர் விடவே மாட்டார். டியூக் 200 பக்கம் ஒருத்தர் இழுப்பார். நடுவுல ஒரு அண்ணன் வந்து, திருவொற்றியூர்ல பொறந்த நம்ம ஏரியா வண்டி இருக்கும்போது வேற எதுக்குடா யோசிக்கிறீங்கன்னு ஹன்டர் 350-ஐ உள்ள கொண்டுவருவார். டீ ஆறிடும், சண்டை ஆறாது.

சி.சி., டார்க், மைலேஜ், இ.எம்.ஐ எல்லாத்தையும் விரல்நுனியில வெச்சிருக்கிற நமக்கு, வண்டி மேல எழுதியிருக்கிற அந்த மூணு எழுத்து யாரோட பேருன்னு கேட்டா மட்டும் கொஞ்சம் முழிப்போம். டி.வி.எஸ்ங்கிறது கம்பெனிக்காக உருவாக்கின சுருக்கம் இல்லை. ஒரு மனுஷனோட இனிஷியல். 'டி' அவரோட ஊர், திருக்குறுங்குடி. 'எஸ்' அவர் பேர், சுந்தரம். 1877-ல திருநெல்வேலிச் சீமையில பொறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார்தான் அவர்.

34 வயசுல வேலைக்கு குட்பை

மகன் வக்கீலாகணும்னு அப்பாவுக்கு ஆசை. சுந்தரமும் வக்கீல் தொழிலைத்தான் முதல்ல தொட்டார். அப்புறம் ரயில்வேயில வேலை, பேங்க்ல வேலை. அந்தக் காலத்துல ரயில்வே உத்தியோகம்னா ஊரே மரியாதை கொடுக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க தேடி வருவாங்க. அதையெல்லாம் உதறிட்டு 1911-ல சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சார். அப்போ வயசு 34. இந்த வயசுல இனிமே எங்க ரிஸ்க் எடுக்கிறதுன்னு ஒதுங்குறவங்கதான் நம்மில் அதிகம்.

அடுத்த வருஷமே தஞ்சாவூர் - புதுக்கோட்டை பஸ் ஓட ஆரம்பிச்சது. ரூட்டைக் கவனிங்க. புதுக்கோட்டை அப்போ தனி சமஸ்தானம். ரயில் பாதை அங்க எட்டிப் பார்க்கவே இல்லை, அது வந்ததெல்லாம் 1920-களோட கடைசியிலதான். தஞ்சாவூர்ல இருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். மாட்டு வண்டியில கிளம்பினா ராத்திரி முழுக்க ஆடி ஆடித்தான் போய்ச் சேரணும். ரயில்வேக்குள்ள இருந்த ஆளுக்கு, ரயில் எங்க போகலைங்கிறதும் தெரிஞ்சிருக்கும்தானே!

ஆனா பஸ் வாங்கி விட்டுட்டா மட்டும் போதாது. ரோடுங்கிறதே மண்ணும் கல்லும்தான். டயர் வெடிச்சா கடை கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் கப்பல்ல வரணும். ஒரு போல்ட் போச்சுன்னா வண்டி வாரக்கணக்குல நிக்கும். அதனால பஸ் ஓட்டுறவரே ஒர்க்‌ஷாப் வைக்க வேண்டியிருந்தது, பார்ட்ஸ் விற்க வேண்டியிருந்தது, தேய்ஞ்ச டயருக்கு மேல புது ரப்பர் ஒட்டுற ரீட்ரெடிங் வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. டி.வி.எஸ் குரூப்ல இன்னிக்கு இருக்கிற பாதி கம்பெனிகளோட வேர் இந்தத் தலைவலிகள்லதான் இருக்கு.

மதுரையை மையமா வெச்சு ஓடின அவங்க பஸ்கள் நேரம் தவறாதுங்கிற பேர் எடுத்துச்சு. பஸ் போறதைப் பார்த்து ஜனங்க கடிகாரத்தைச் சரி பண்ணிக்குவாங்கன்னு தென் மாவட்டத்துப் பெரியவங்க இன்னிக்கும் சொல்வாங்க. கொஞ்சம் மிகையா இருக்கலாம். ஆனா எந்தப் பேரைப் பத்தி இப்படியெல்லாம் கதை கட்டுவாங்கங்கிறதுல ஒரு உண்மை இருக்கு. அந்த பஸ்களை 1970-களோட தொடக்கத்துல அரசு எடுத்துக்கிட்டப்போ உருவானதுதான் பாண்டியன் போக்குவரத்துக் கழகம்.

பெட்ரோல் இல்லையா, கரி இருக்கே!

ரெண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோல் ராணுவத்துக்குப் போயிடுச்சு. பொதுமக்களுக்கு ரேஷன்தான். பஸ் முதலாளிங்க பலர் வண்டியை ஷெட்டுல ஏத்திட்டு உட்கார வேண்டிய நிலைமை. சுந்தரம் ஐயங்கார் கம்பெனி அப்போ செஞ்சு வித்ததுதான் டி.வி.எஸ் கேஸ் பிளான்ட்.

விஷயம் ரொம்ப சிம்பிள். வண்டியோட ஒரு உருளை அடுப்பை மாட்டுவாங்க. உள்ள கரியைப் போட்டு, காத்தை அளவா விட்டு எரிப்பாங்க. காத்து போதாததால கரி முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு வரும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குளிர வெச்சு, சாம்பலை வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலா இன்ஜினுக்குள்ள அனுப்புவாங்க. காலையில அடுப்பு பத்த வெச்சு கேஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பவர் குறையும், ஏத்தத்துல மூச்சு வாங்கும். ஆனாலும் வண்டி ஓடும். பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டினதுக்கே ஸ்டேட்டஸ் போட்ட நமக்கு, கரியைப் போட்டு பஸ் ஓட்டின அந்தத் தலைமுறை கொஞ்சம் ஆச்சர்யம்தான்.

மகள் விஷயத்துல மட்டும்...

எனக்கு இந்த வாழ்க்கையில முக்கியமாப் படுறது பஸ்ஸோ கேஸ் பிளான்ட்டோ இல்லை. அவர் மகள் சௌந்தரம்.

1904-ல பொறந்தவங்க. அந்தக் கால வழக்கப்படி 14 வயசுல கல்யாணம். கணவர் டாக்டர். பிளேக் பரவினப்போ நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய், தானும் அந்த நோய்க்கே பலியாகிட்டார். சௌந்தரத்துக்கு அப்போ இருபதை ஒட்டின வயசுதான். அந்தக் குடும்பங்கள்ல ஒரு இளம் விதவைக்கு அடுத்து என்ன நடக்கும்னு விளக்க வேண்டியதில்லை. ஒரு மூலை, ஒரு வெள்ளைப் புடவை, மீதி ஆயுசு. சுந்தரம் ஐயங்கார் வீட்டுல அது நடக்கலை. மகள் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில படிச்சு 1936-ல டாக்டரானாங்க. பெத்தவங்க கூட நின்னாங்க.

டெல்லியில காந்தியோட தொடர்பு கிடைச்சது. கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனோட காதலும் வந்தது. விதவை மறுமணம், அதுவும் சாதி தாண்டி. இந்த இடத்துல அப்பாவால வர முடியலை. வீட்டுல கடும் எதிர்ப்பு. ரெண்டு பேரும் கொஞ்ச காலம் பார்க்காம, பேசாம இருந்து பாருங்க, அதுக்கப்புறமும் மனசு மாறலைன்னா நடத்தி வைக்கிறேன்னு காந்தி சொன்னார். மனசு மாறலை. 1940 நவம்பர்ல, காந்தியும் கஸ்தூர்பாவும் முன்னாடி நிக்க, சேவாகிராம் ஆசிரமத்துல கல்யாணம் நடந்தது.

ரோட்டுல யாரும் போகாத தூரம் போன மனுஷன், மகள் விஷயத்துல பாதி தூரம் வந்து நின்னுட்டார்னுதான் சொல்லணும். ஆனா அந்தப் பாதி தூரத்துக்கே அன்னிக்கு ஊர் என்ன பேசியிருக்கும்! மீதி தூரத்தை சௌந்தரமே நடந்தாங்க. 1947-ல கணவரோட சேர்ந்து திண்டுக்கல் பக்கத்துல காந்திகிராமத்தைத் தொடங்கினாங்க. ஒரு சின்ன கிளினிக்கும் தொண்டர் பயிற்சியுமா ஆரம்பிச்ச இடம், இன்னிக்குப் பல்கலைக்கழகம். சட்டமன்றம், நாடாளுமன்றம், 1962-ல மத்திய கல்வித் துணை அமைச்சர்னு போனது அவங்க பயணம்.

இப்போ டீக்கடைப் பஞ்சாயத்துக்கு ஒரு பாயின்ட் தர்றேன். சேவாகிராம் ஆசிரமம் அமைய நிலம் கொடுத்து காந்தியை வார்தா பக்கம் கூட்டிட்டு வந்தவர் ஜம்னாலால் பஜாஜ். ஆமா, பல்சரோட அந்த பஜாஜ்தான்! அப்பாச்சிக்காரர் மகளோட கல்யாணம், பல்சர்காரர் கொடுத்த மண்ணுல நடந்திருக்கு. இது தெரியாம நாம பேசின்பிரிட்ஜ் சிக்னல்ல பச்சை விழுறதுக்குள்ள ஆக்ஸிலரேட்டரை முறுக்கிட்டிருக்கோம்.

அவர் பார்க்காத பைக்

சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28-ம் தேதி காலமானார். வயசு 78. தன் பேர்ல ஒரு பைக் கூட அவர் பார்க்கலை. ஜம்னாலாலும் 1942-லயே போயிட்டார், அவரும் பஜாஜ் ஸ்கூட்டரைப் பார்க்கலை. இதுல ஒரு பொருத்தம் பாருங்க. அதே 1955-லதான் மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உருவாச்சு. கொஞ்ச நாள்ல திருவொற்றியூர்ல புல்லட் சத்தம் கேட்க ஆரம்பிச்சது.

1960-கள்ல டி.வி.எஸ் பிள்ளைங்க சென்னை பாடியில வரிசையா தொழிற்சாலை போட்டாங்க. லூகாஸ் டி.வி.எஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். பெரம்பூர், வில்லிவாக்கம் வழியா பாடிக்குப் போற நம்ம ஆளுங்களுக்கு லூகாஸ்ங்கிறது ஒரு பஸ் ஸ்டாப். 1980-ல ஓசூர்ல இருந்து டி.வி.எஸ் 50 வந்தது, ரெண்டு பேர் உட்கார்ற மொபெட். அதோட வாரிசான எக்ஸ்.எல்லைக் காசிமேட்டுல காலையில நாலு மணிக்குப் பார்க்கணும். முன்னாடி மீன் கூடை, பின்னாடி ஐஸ் பெட்டி, நடுவுல ஓட்டுறவருக்கு ஒரு ஜாண் இடம். 1984-ல சுசூகியோட சேர்ந்து 100 சி.சி. பைக். 2001-ல அந்தக் கூட்டு பிரிஞ்சது, அதே வருஷம் சொந்தமா விக்டர் வந்தது. 2006-ல அப்பாச்சி.

சரி, எதை எடுக்கலாம்? பேப்பர்ல பார்த்தா என்.எஸ் 200-க்குத்தான் வேகம். லிக்விட் கூலிங், ஆறு கியர், 24.5 பி.எஸ். அப்பாச்சி 200 ஆயில் கூலிங், அஞ்சு கியர், 20.8 பி.எஸ். ஹன்டர் 350-ம் கிட்டத்தட்ட 20 குதிரைதான், ஆனா 27 என்.எம் டார்க் இருக்கு. கூடவே 181 கிலோ எடையும். மத்த ரெண்டும் 150-லிருந்து 160 கிலோவுக்குள்ள அடங்கிடும். டியூக் 200 என்.எஸ் மாதிரியே பாயும், விலை மட்டும் இன்னும் கொஞ்சம் மேல.

ஆனா நம்ம வண்டி ஓடப் போறது பேப்பர்ல இல்லை. மணலி ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கும் டிவைடருக்கும் நடுவுல 30-ல உருட்டணும். வியாசர்பாடி சுரங்கப்பாதையில மழைத்தண்ணி நிக்கும். எண்ணூர் பக்கம் புழுதியும் உப்புக்காத்தும் செயினை அரிக்கும். ஆறாவது கியரை வாரத்துல ஒரு தடவை போட்டா அதிகம். இந்த ரோட்டுக்கு என் ஓட்டு அப்பாச்சிக்கு. டிராஃபிக்ல சொன்ன பேச்சு கேட்கும், மழைக்குத் தனி ரைடிங் மோட் இருக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவை பைபாஸ்ல ஆந்திரா பக்கம் போறவர்னா என்.எஸ். பின் சீட்டுல அம்மாவை ஏத்திட்டு நிதானமா போறவர்னா ஹன்டர், ஆனா நெரிசல்ல கிளட்ச் பிடிச்சுப் பிடிச்சு இடது கை வலிச்சா என்னைத் திட்டாதீங்க.

டெஸ்ட் ரைடு எடுக்கிறப்போ ஷோரூம் சொல்ற காலி ரோட்டுல ஓட்டிட்டு வந்துடாதீங்க. சாயங்காலம் ஆறரைக்குக் கேளுங்க, மூலக்கடை சிக்னல் வரைக்கும் போயிட்டு வாங்க. அப்படியே பின்பக்கம் சர்வீஸ் சென்டருக்குள்ளயும் எட்டிப் பாருங்க. பார்ட்ஸுக்குக் காத்துக்கிட்டு எத்தனை வண்டி நிக்குதுன்னு எண்ணிட்டு, அப்புறமா அட்வான்ஸ் கொடுங்க.