சிவ்நாத் சிங்

சிவ்நாத் சிங் (சூலை 11, 1946 – சூன் 6, 2003) இந்தியாவைச் சேர்ந்த நெடுந்தொலைவு ஓட்ட வீரர் ஆவார். 1978 ஆம் ஆண்டில் ஜலந்தர் நகரில் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 12 நிமிடங்களில் ஓடி முடித்தார். இதுவே அவரது வாழ்நாளின் சிறந்த நேரமாகும். தேசிய சாதனையான இந்நேரம் 40 ஆண்டுகளுக்கும் மேலாக முறியடிக்கப்படாமல் நிலைத்து நின்றது.

வாழ்க்கைச் சுருக்கம்

இவர் பீகார் மாநிலத்தின் இன்றைய பக்சர் மாவட்டத்தில் பிறந்தார். இந்தியத் தரைப்படையில் பணியாற்றியபோது ஓட்ட வீரராக உருவானார். பின்னர் ஜம்சேத்பூரில் டாடா இரும்பு எஃகு நிறுவனத்தில் பணிபுரிந்தார். காலணி அணியாமல், பாதங்களில் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு ஓடுவது இவரது வழக்கம்.

1974 ஆம் ஆண்டு தெகரானில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கமும், 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கமும் வென்றார். அருச்சுனா விருதும் பெற்றார்.

மொண்ட்ரியால் ஒலிம்பிக்

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர் ஆகும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரையிலான சாலைத் தொலைவை விட இது சற்று அதிகம்.

1976 மொண்ட்ரியால் ஒலிம்பிக்கில் மழைக்கிடையே நடந்த மாரத்தானில், பாதித் தொலைவைக் கடந்த பின்னரும் சிவ்நாத் சிங் முன்னணிக் குழுவுடன் ஓடினார். ஏறத்தாழ 25 ஆவது கிலோமீட்டரில், முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த அமெரிக்கர் பிராங்க் சோர்ட்டர் வேகத்தைக் கூட்டியதும் அக்குழு சிதறியது. சிவ்நாத் சிங் பின்தங்கி, 2 மணி 16 நிமிடம் 22 நொடிகளில் 11 ஆவது இடத்தைப் பெற்றார். கிழக்கு செருமனியின் வால்டமர் சீர்ப்பின்ஸ்கி 2 மணி 9 நிமிடம் 55 நொடிகளில் வெற்றி பெற்றார்.

ஜலந்தர் சாதனை

ஜலந்தரில் சிவ்நாத் சிங் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 3 நிமிடம் 8 நொடி எடுத்துக்கொண்டார். 400 மீட்டர் ஓடுதளத்தில் ஒரு சுற்றை 75 நொடிகளில் ஓடி, அதே வேகத்தில் இடைநிற்காமல் 105 சுற்றுகளுக்கு மேல் ஓடுவதற்கு இது ஒப்பாகும். தெகரானில் 5,000 மீட்டரை வென்ற வேகத்தை விட இது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 நொடிகள் குறைவு. மொண்ட்ரியாலில் அவர் எடுத்த நேரத்துடன் ஒப்பிட்டால், மொத்த வேறுபாடு 4 நிமிடம் 22 நொடி. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு அது 6 நொடி மட்டுமே.

சீரான வேகத்தின் பங்கு

நெடுந்தொலைவு ஓட்டத்தில் தசைகள் கிளைக்கோசன் என்னும் சேமித்த மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரித்து ஆற்றல் பெறுகின்றன. வேகம் கூடக்கூடக் கிளைக்கோசனின் பங்கு உயர்கிறது. உடலில் அதன் இருப்பு குறைவாதலால், தொடக்கத்தில் தம் ஆற்றலுக்கு மீறி விரைபவருக்குக் கடைசி 10 கிலோமீட்டரில் அது தீர்ந்துபோகக்கூடும். அப்போது முதலில் மிச்சப்படுத்திய சில நொடிகளுக்கு ஈடாகப் பல நிமிடங்களை இழக்க நேரிடும். எனவே தம் சிறந்த நேரத்தை எட்ட விரும்புவோர், இரு பாதிகளையும் ஏறத்தாழ ஒரே வேகத்திலோ, பிற்பாதியைச் சற்று விரைவாகவோ ஓட முயல்கின்றனர். 2023 இல் சிகாகோவில் 2 மணி 35 நொடியில் ஓடி உலக சாதனை படைத்த கென்யாவின் கெல்வின் கிப்டம், முதற்பாதியை 60 நிமிடம் 48 நொடியிலும் பிற்பாதியை 59 நிமிடம் 47 நொடியிலும் ஓடினார்.

பிற்காலம்

1980 மாசுக்கோ ஒலிம்பிக் மாரத்தானிலும் சிவ்நாத் சிங் பங்கேற்றார். ஆனால் ஓட்டத்தை முடிக்கவில்லை. கல்லீரல் அழற்சி பி நோயால் 2003 இல் தமது 56 ஆவது வயதில் காலமானார்.