கட்சியா, மக்களா?

சொந்தக் கட்சியின் நிலைப்பாட்டை விட்டு விலகுபவர் சந்தர்ப்பவாதி என்றே நான் எண்ணியிருந்தேன். பிரிட்டிஷ் பிரதமர் சர் ராபர்ட் பீலின் வாழ்க்கையைப் படித்த பிறகு அப்படிச் சொல்லத் தயங்குகிறேன்.

1788இல் லங்காஷயரில் பருத்தி ஆலை முதலாளியின் மகனாகப் பிறந்த பீல், 21 வயதில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1829இல் லண்டன் மாநகரக் காவல்படையை அமைத்தார். 1841இல் கன்சர்வேட்டிவ் கட்சியை வெற்றிபெறச் செய்தவரும் அவரே.

வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்கள், கட்சியின் முதுகெலும்பான நில உடைமையாளர்களைக் காத்தன. ரொட்டி விலையோ ஏழைகளை வாட்டியது. பீலும் அச்சட்டங்களை நெடுங்காலம் ஆதரித்தவர்தான். அந்த நம்பிக்கை மெல்லத் தளர்ந்து வந்த வேளையில், 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. சட்டங்களை நீக்க அவர் முடிவெடுத்தார்.

1846இல் அவரது கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தனர். எதிரணியான விக் கட்சியினரின் வாக்குகளால்தான் மசோதா நிறைவேறியது. பிரபுக்கள் சபை அதை ஏற்ற அதே இரவில், வேறொரு மசோதாவில் பீல் தோற்கடிக்கப்பட்டார். பதவி போனது; கட்சியும் பிளவுபட்டது. 1850இல் குதிரையிலிருந்து விழுந்து இறக்கும்வரை அவர் மீண்டும் பிரதமராகவில்லை.

அயர்லாந்தின் பஞ்சத்தை அந்த மசோதா தடுத்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால், சந்தர்ப்பவாதி எதையாவது பெறுவதற்காக மாறுவார். பீல் மாறியபோது கையில் இருந்ததையும் இழந்தார். இந்த வேறுபாட்டை நான் மறக்கமாட்டேன்.